காடி ஊற்றிய கறியும் உன் மொழிபெயர்ப்பும்

அண்ணா,

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, சன்னலோர மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அடுப்படியிலிருந்து வினிகர் வாசம் வருகிறது. பூண்டும் மிளகும் பிரிஞ்சி இலையும் அதில் சேர்ந்து கொதிக்கும்போது முதலில் மூக்கைச் சுளிக்க வைத்து, கொஞ்ச நேரத்தில் பசியைக் கிளப்பிவிடுமே, அதே வாசம். எதிரே தேயிலைச் சரிவில் பனி இன்னும் முழுக்க விலகவில்லை. உன் மகள் வாசற்படியில் உட்கார்ந்து காலணியில் ஒட்டிய செம்மண்ணைக் குச்சியால் சுரண்டுகிறாள்.

இன்று அந்தச் சட்டியில் வினிகரை ஊற்றியது யார் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உன் மேல் ஒரு வழக்கு இருக்கிறது.

நீ அண்ணியை அழைத்துக்கொண்டு கேமரன் மலைக்கு வந்த முதல் ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொகுசுக் கப்பலில் நீ சமையல்காரன், அவர் சலவைப் பகுதியில் வேலை பார்த்தவர், பிலிப்பைன்ஸ்காரர். மணிலாவில் கோயில் கல்யாணம் முடித்து, வயிற்றில் குழந்தையோடு அவரை இந்த எஸ்டேட் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். உன் தங்கை எஸ்டேட் ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி என்பதால் கிடைத்த வீடு இது. அம்மா கொழுந்து பறிப்பதை விட்டு அப்போதுதான் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வந்த மருமகள் தன் கையால் ஏதாவது செய்து கொடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு, அவர் ஊர்க் கோழிக்கறியைச் செய்தார். அடோபோ.

அம்மா ஒரு வாய் வைத்தார். தட்டைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார்.

"நல்ல கோழிய காடியில போட்டுக் கெடுத்துட்டாளே. இந்த வீட்டுல மொளகாய்க்குப் பஞ்சமா?"

அண்ணி ஆவலோடு உன் முகத்தைப் பார்த்தார். நீ கண்ணிமைக்காமல் சொன்னாய்: "மசராப் தாவ்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கொல்லைப்புறத்தில் நீ கை கழுவும்போது நான் கேட்டேன்.

"என்னண்ணே சொன்னே?"

"ருசியா இருக்காம்னு சொன்னேன்."

"அம்மா அப்படியா சொன்னாங்க?"

"அம்மா சொன்னத அப்படியே சொன்னா நாளைலருந்து யாரு சமைப்பா? நீயா?"

 அடுத்த ஞாயிறும் அடோபோ. அதற்கடுத்த ஞாயிறும். அம்மா முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவார், நீ மொழிபெயர்ப்பாய், அண்ணி சிரிப்பார். அம்மாவும் அண்ணியும் சந்தையில் புழங்கும் பாசார் மலாயில் கதவு, குடை, பிள்ளை, வலி என்று அன்றாடத்தை ஓட்டிக்கொண்டார்கள். அண்ணியின் மொழியிலும் மலாயிலும் அந்தச் சொற்கள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது இருவருக்கும் வியப்பு. அதற்கு மேல் ஏதாவது பேசவேண்டுமென்றால் நீதான். அம்மா கோபமாக எது சொன்னாலும் உன்னிடம் ஒரே மொழிபெயர்ப்பு இருந்தது: "சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கிறார்." அண்ணி உடனே தலை தாழ்த்தி, "ஓப்போ, நானாய்" என்பார். ஆமாம், அம்மா.

"நான் வையிறேன், அவ ஓப்போ ஓப்போன்னு தலையாட்டுறா. என்னா பொண்ணுடா இது?"

"மரியாதைம்மா. அவங்க ஊருல பெரியவங்ககிட்ட அப்புடித்தான் பேசுவாங்க."

அது ஒன்றைத்தான் நீ உள்ளபடி சொன்னாய்.

பிரிஞ்சாங் டவுன் ஓட்டலில் வேலை முடிந்து வரும் மாலைகளில், தொழிற்சாலை வரை என்னோடு நடப்பாய். வறுத்த தேயிலை மணம் ரோடு வரைக்கும் இறங்கியிருக்கும். கப்பல் கதை சொல்லுவாய். கேப்டன் இத்தாலிக்காரர், மேல்தட்டில் பயணிகளுக்கு ஆங்கிலம், ஆனால் கீழ்த்தட்டில் ஓடுவதெல்லாம் அண்ணி பேசும் தகாலோக் என்பாய். ஒருவன் செபு தீவு, இன்னொருவன் வடக்கு மலை, வீட்டுக்கு வீடு வேறு மொழி. கப்பலில் ஏறியதும் எல்லாரும் தகாலோக்கில் சேர்ந்துகொள்வார்களாம். "எந்தத் துறைமுகத்துல வேணும்னாலும் எறங்கு. ஆஸ்பத்திரியா, ஓட்டலா, கட்டடமா, அந்தப் பாஷையில ஒருத்தன் இருப்பான். நீ ரெண்டு வார்த்தை பேசிட்டா போதும், வா சாப்புடலாம்பான். நீயும் கத்துக்கோயேன்."

"எனக்கெதுக்கு? நீதான் இருக்கியே," என்றேன்.

நீ இல்லாமல் போனாய். நெஞ்சு வலிக்கிறது என்று ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உன்னைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோது எஸ்டேட் முழுக்க வந்து நின்றது. வந்தவர்கள் யாரும் போய்விட்டு வருகிறோம் என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் நாம் சொல்வதில்லையே. அண்ணியும் எழுந்து யாரையும் வாசல்வரை வழியனுப்பவில்லை. அவர்கள் ஊரிலும் சாவு வீட்டுக்காரர்கள் வழியனுப்பக்கூடாதாம். அந்த ஒரு நாள் இந்த வீட்டில் மொழிபெயர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாளிலிருந்து தேவைப்பட்டது. அம்மாவுக்கும் அண்ணிக்கும் நடுவே யாரும் இல்லை. இருவரும் உன் மகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் ஆபிஸிலிருந்து வந்து நுழைகிறேன். குழந்தை சோற்றுத் தட்டின் முன்னால் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் அம்மா: "உங்கம்மாகிட்ட சொல்லு, துக்க வீட்டுல இப்படி ரூமுக்குள்ளயே கெடந்தா வீடு வெளங்காதுன்னு." இந்தப் பக்கம் அண்ணி, என்ன சொல்கிறார் என்று அவளைக் கேட்கிறார். குழந்தை இரண்டு முகத்தையும் பார்க்கிறாள். கரண்டி அசையவில்லை. கடைசியில் அவள் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நீ பதில் இல்லாத நேரத்தில் எல்லாம் சொல்வாயே, அதே வாக்கியம். சாப்பிட்டாயா என்று கேட்கிறாராம்.

எட்டு வயதுப் பிள்ளை, அண்ணா. உனக்கு அது விளையாட்டாக இருந்தது. அவளுக்கு அப்படி இல்லை. அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"இனிமே பாப்பாகிட்ட எதையும் சொல்லி அனுப்பாதீங்கம்மா. என்கிட்ட சொல்லுங்க."

"உனக்கென்ன தெரியும் அவ பாஷை?"

"படிச்சுக்கிறேன்."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஆங்கிலம் இருக்கிறதே, அதிலேயே முடித்துக்கொள்ளலாமே என்று முதலில் முயன்றேன். அண்ணி ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். ஆனால் என்ன கேட்டாலும் பரவாயில்லை, ஒன்றுமில்லை, நன்றி என்றுதான் பதில் வரும். பயணிகளிடம் பேசிப் பழகிய ஆங்கிலம். வேலைக்குப் போகும்போது போடும் உடுப்பைப் போல அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றார். அறைக்குள் போய்த் தன் அம்மாவோடு போனில் பேசும்போதுதான் வேறு குரல் கேட்கும். உரத்த குரல், சண்டை, சிரிப்பு, நடுவில் அழுகை. அந்தப் பெண்ணை நான் சந்தித்ததே இல்லை என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நினைத்துக்கொண்டேன்.

போனிலேயே ஒரு தகாலோக் வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் ஆசிரியை ரோம் நகரத்தில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். ஓய்வு நாளில் பாடம் எடுப்பார். பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களில் உடன் படிப்பவர்களின் முகங்கள். டொராண்டோவில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞன், தன் தாய் தூக்கத்தில் பேசுவது புரியவேண்டும் என்று படிக்கிறான். ஒசாகாவில் முதியோர் இல்லம் நடத்தும் பெண், தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்காகப் படிக்கிறார். நார்வேக்காரர் ஒருவர் நர்ஸ் மனைவிக்காக. உலகத்தின் இத்தனை மூலைகளில் இந்த மொழி அடுப்படியிலும் கப்பலின் அடித்தட்டிலும் நோயாளிக் கட்டிலருகிலும் புழங்குகிறது என்பதை நீ அந்த நடையில் சொன்னபோது நான் கதையாகத்தான் கேட்டிருந்தேன். கேமரன் மலையில் இருக்கிறேன், அண்ணிக்காக என்று நான் சொன்னதும் ஆசிரியை ஒன்று சொன்னார்: "நாங்கள் ஆங்கிலத்தில் வேலை செய்வோம். தகாலோக்கில்தான் குறை சொல்வோம்."

அண்ணி என்னிடம் ஏன் ஒரு குறையும் சொன்னதில்லை என்று அப்போது புரிந்தது. அவர் வாயிலிருந்து ஒரு குறையாவது கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன்.

ஆபிஸில் தேநீர் நேரத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு முணுமுணுப்பேன். லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், உனக்குத் தெரிந்தவர்தான், சும்மா விடவில்லை.

"கிராணியம்மா, சீன பாஷை படிச்சா கியா பார்ம் சந்தையில ஸ்ட்ராபெரியாவது விக்கலாம். இது எதுக்கு லா?"

"எங்க வீட்டுக்குள்ள பேச."

"வீட்டுக்குள்ளயா? நானெல்லாம் வீட்டுக்குள்ள பேசாம இருக்க என்ன வழின்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

நாற்பதைத் தாண்டிய தலையில் புது மொழி லேசில் ஏறவில்லை. ஏறியது இறங்கிப்போகும். திரும்ப ஏற்றுவேன். தொழிற்சாலை ரோட்டில், நீயும் நானும் நடந்த அதே வளைவுகளில், தனியாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நடப்பேன். வினைச்சொற்கள் முன்னால் வந்து நின்று மிரட்டும். ஆனால் உன் 'தாவ்' மட்டும் முதல் நாளிலேயே பிடிபட்டது. நாம் 'இருக்காம்', 'சொன்னாளாம்' என்கிறோமே, அந்த 'ஆம்'தான் அது. சொன்னது நானில்லை, இன்னொருவர் என்று காட்டுவதற்கு. நீ எவ்வளவு துணிச்சலாக அதைப் பயன்படுத்தியிருக்கிறாய் என்று நடுரோட்டில் நின்று சிரித்தேன்.

ஒரு மாலை அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, பல நாள் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். களைப்பாக இருக்கிறாயா என்று. தட்டு கையிலேயே நின்றது. பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"ஆத்தே, நீங்க செய்தி வாசிக்கிற மாதிரி பேசுறீங்க," என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆத்தே என்றால் அவர்கள் மொழியில் அக்கா.

அடுத்த நாள் திருத்தினார். அதற்கடுத்த நாள் நான் கேட்காமலே பேசினார். வாரங்கள் போயின. கடைசியில் அந்தக் குறை வந்தது. "நான் கழுவி வைத்த பாத்திரத்தை உங்கள் அம்மா மறுபடியும் கழுவுகிறார். எட்டு வருஷமாக." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குறை கேட்டு அவ்வளவு மகிழ்ந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

உன் வருஷப் பூசை வந்தது. அதுவரைக்கும் அண்ணி கறுப்பு உடைதான். அன்று காலை அறையிலிருந்து மஞ்சள் சட்டையில் வெளியே வந்தார். அப்பா போனதிலிருந்து கட்டும் அதே வெள்ளைப் புடவையில் அம்மா கோயிலுக்கு நடந்தார். பூசை முடிந்து வீடு திரும்பினால், கூடத்து மூலையில் புதுப் பயணப் பெட்டி ஒன்று. இரவுச் சந்தையில் அண்ணி வாங்கி வைத்திருந்தது. அம்மாவின் கண் பெட்டியிலிருந்து சட்டைக்குப் போனது.

குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பினேன். நல்ல வேளை, அதைச் செய்தேன்.

"என் புள்ள மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள மஞ்சச் சட்டை. பெட்டி வேற வாங்கியாச்சு. போறதுன்னா போகச் சொல்லு. புள்ளைய மட்டும் விட்டுட்டுப் போகச் சொல்லு."

அண்ணி என்னைப் பார்த்தார். உன்னைப் பார்ப்பாரே, அதே பார்வை. உன் வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்று சொல்லிவிட்டால் அந்த நாள் தப்பிவிடும். ஆனால் அம்மா மனதில் அண்ணி போகப்போகிறவர் என்பது உறைந்துவிடும். அண்ணி தெரியாமலே பெட்டியை அடுக்குவார். குழந்தை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்த வீட்டை நாம் இழந்துவிடுவோம்.

"அம்மா, நான் சொன்னா சொன்னபடி சொல்லுவேன். அண்ணன் மாதிரி மாத்த மாட்டேன். யோசிச்சுக்குங்க."

"சொல்லு."

சொன்னேன். தடுமாறித் தடுமாறி, ஆனால் எதையும் விடாமல். அண்ணி கடைசிவரை கேட்டார். பிறகு பேச ஆரம்பித்தார். அவ்வளவு வேகமாக எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. பாதியில் நிறுத்தி, மெதுவாக, மறுபடியும் சொல் என்று கேட்டேன். மறுபடியும் சொன்னார். நான் அம்மாவிடம் திருப்பினேன்.

"அவங்க ஊருல ஒரு வருஷம் கறுப்பு போடுவாங்களாம். வருஷப் பூசை அன்னைக்கு அத எடுத்துடணுமாம். பாபாங் லுக்ஸான்னு அதுக்குப் பேரு. கறுப்ப எடுக்காம இருந்தா போனவரு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருக்குற மாதிரின்னு அவங்கம்மா சொல்லுவாங்களாம். இன்னைக்கு விடணும்னு, விட மனசில்லாமத்தான் அந்தச் சட்டைய போட்டாங்களாம். காலையில போட்டுக்கிட்டு அழுதாங்களாம். பெட்டி, ஸ்கூல் லீவுக்கு. அவங்கம்மா பேத்திய இன்னும் நேர்ல பாக்கல. திரும்பி வர டிக்கெட்டும் எடுத்திருக்காங்க. அவரு மண்ணு இங்கதானே இருக்கு, நான் எங்க போவேன்னு கேக்குறாங்க. பாப்பாவ விட்டுட்டுப் போன்னு இன்னொரு தடவ சொல்லக்கூடாதாம்."

கடைசி வாக்கியத்தையும் சொல்லிவிட்டேன்.  அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். வெள்ளை முந்தானை.

"கேளு. அவங்க ஊருல பொம்பளைக்கு ஒரு வருஷந்தானா?"

கேட்டேன். ஆமாம், ஒரு வருஷம்தான் என்றார் அண்ணி.

"எனக்கு யாரும் அப்புடிச் சொல்லலியே," என்றார் அம்மா. அதையும் மொழிபெயர்த்தேன். அண்ணி எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா என்னைக் கேட்டார். "அவன் இருந்திருந்தா நான் சொன்னத என்னான்னு சொல்லிருப்பான்?"

"சாப்பிட்டியான்னு கேக்குறாங்கன்னு சொல்லிருப்பான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குத் தெரியும். நான் பெத்தவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? அவ உடனே ஓப்போங்குறப்ப அவன் ஒரு சிரிப்பு சிரிப்பான் பாரு. அதப் பாக்கத்தான் விட்டுட்டேன்."

இதை அண்ணியிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். "எந்த மாமியார் ஒரு நாளைக்கு இருபது தடவை சாப்பிட்டாயா என்று கேட்பார்? எனக்கும் தெரியும். ஒன்று மட்டும் அவர் உண்மையாகச் சொன்னார், உங்கள் அம்மாவுக்கு அடோபோ பிடிக்கும் என்று. அதனால்தான் ஞாயிறு தவறாமல் செய்தேன். எனக்கே சலித்துவிட்டது. எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு தடவைதான் செய்வோம்."

நான் இதை அம்மாவுக்குச் சொல்லி முடிப்பதற்குள் மூவருக்கும் புரிந்துவிட்டது.

"அட பாவி," என்றார் அம்மா.

இதுதான் உன் மேல் உள்ள வழக்கு, அண்ணா. செய்தவருக்குச் சலிப்பு, சாப்பிட்டவருக்குச் சுளிப்பு. எட்டு வருஷமாக ஞாயிறுதோறும் அந்தச் சட்டியை வழித்துச் சாப்பிட்ட ஒரே ஆள் நீ. வீட்டுச் சமாதானத்துக்காகப் பொய் சொல்கிறாய் என்று நினைத்து உன்னை மனதுக்குள் கும்பிட்டிருக்கிறேன். அதில் பாதி உன் வயிற்றுக்காக.

சிரித்துச் சிரித்து அம்மாவும் அண்ணியும் அழுதார்கள். நான் மொழிபெயர்க்கவில்லை.

பள்ளி விடுமுறைக்கு நால்வரும் அண்ணியின் ஊருக்குப் போகிறோம். அம்மாவும் வருகிறார். ஈப்போவைத் தாண்டாத அம்மா பாஸ்போர்ட் எடுத்துவிட்டார், படத்துக்கு நீலப் புடவை கட்டிக்கொண்டு. பெட்டியின் அடியில் அவர் சொன்னபடி இரண்டு பொட்டலம் நம் எஸ்டேட் தேயிலை. அண்ணியின் அம்மாவுக்கு ஆங்கிலமும் வராது, மலாயும் வராது. இரண்டு தாய்மாரும் உன்னைப் பற்றிப் பேச நிறைய வைத்திருப்பார்கள். நடுவில் உட்காரப்போவது நான். அதற்காக இந்த வாரமும் வகுப்பு உண்டு, அடுத்த வாரமும் உண்டு. இறந்த காலம் இன்னும் என்னைத் தடுக்கி விடுகிறது. விடமாட்டேன். தொழிற்சாலை ரோடு நீளமானது. நீ அந்த மொழியில் விட்டுப்போன இடத்தை நான் எடுத்துக்கொண்டேன். உன் முறையை எடுத்துக்கொள்ளவில்லை. உன் மகள் இனி சோற்றுத் தட்டின் முன்னால் சோறு மட்டும் சாப்பிட்டால் போதும்.

இன்று வினிகரை ஊற்றியது அம்மா. அண்ணி பக்கத்தில் நின்று போதும் போதும் என்று அவர் மொழியில் சொல்ல, அம்மா கேட்காமல் இன்னும் கொஞ்சம் சாய்த்தார். இதோ, சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். போய்விட்டு வந்து முடிக்கிறேன்.

வந்துவிட்டேன். அம்மா முதல் வாய் வைத்ததும் அண்ணி என்னைப் பார்த்தார், எப்படி இருக்கிறதாம் என்று.

"நல்லாவே இல்லன்னு சொல்லு," என்றார் அம்மா. இன்னொரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார். "ஆனா ஞாயித்துக்கிழமன்னா இதத்தான் செய்யணும்னும் சொல்லு."

அப்படியே சொன்னேன், அண்ணா. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.